மடியில் விட்ட வெள்ளை

வில்லாபுரம்
9.5.2004

தேவி,

போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் இதை உன் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் படம் முடியப்போகிறது. சேலைக்கு நீலம் இரண்டு முறை பூசி, ஈரம் காய்ந்ததும் மையால் கோடு போட்டுவிட்டேன். மடியை மட்டும் தொடவில்லை. நீர்வண்ணத்தில் வெள்ளை என்றால் பூசாமல் விட்ட தாள்தானே.

போன தடவை ஏழாம் மாதமே உன் மடியில் பிள்ளையை மையில் வரைந்துவிட்டேன். மையை அழிக்க முடியாது. அந்தத் தாள் இன்னும் பீரோ மேல்தான் கிடக்கிறது. "இந்த மட்டமாச்சும் பொறுத்துக்கடா" என்று அம்மா தினமும் சொல்கிறாள்.

அழகர்கோவில் பக்கம், உன் அம்மா வீட்டில் வெயில் எப்படி? டாக்டர் சொன்ன தேதி தாண்டி நான்கு நாள் ஆகிவிட்டது.

யாரும் "பொறந்துருச்சு" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட வேண்டாம். செல்போனைப் பிள்ளையின் வாயருகே பிடிக்கச் சொல். அழுகையைக் கேட்ட பிறகுதான் மைப்புட்டியைத் திறப்பேன்.

கழுவிய தூரிகையையே திரும்பக் கழுவிக்கொண்டிருக்கும்
உன் வீட்டுக்காரன்