காற்றுப் பையும் நாலாயிரம் மீன்குஞ்சும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று என் வண்டி உட்கார்ந்துவிட்டது. பழுதாகி நிற்கவில்லை, உட்கார்ந்துவிட்டது. இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை ஏற்றியதும் பிக்கப்பின் பின்பக்கம், விருந்து முடித்த பெரியப்பா மாதிரி தொப்பென்று இறங்கியது. முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. வழியில் ஒரு பள்ளம் விடாமல் டங், டங்.

அக்கா மகள் மீன்குஞ்சுப் பண்ணை வைத்திருக்கிறாள். அதில் போக்குவரத்துத் துறையின் தலைவர், ஆலோசகர், ஓட்டுநர் எல்லாம் நானே. குளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தொட்டியில் அறுநூறு குஞ்சுகள் செத்து மிதந்தன. வாங்குகிற குளத்துக்காரர், "இன்னொரு தடவை இப்படி வந்தா வேற இடம் பாத்துக்கறேம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

திரும்பும்போது அவள் என்னிடம் சொன்னது: "மாமா, பதினாறாம் தேதி நாலாயிரம் குஞ்சு போகணும். அதுக்குள்ள வண்டி நிமிரலைன்னா நான் வேற வண்டி பேசிடுவேன்."

வண்டியை நிமிர்த்துவதா? நான் மலைகளை நிமிர்த்தியவன். எந்த மலை என்று யாரும் கேட்காதவரை.

மார்ச் 6, வெள்ளி

நான் வரவழைத்த பெட்டி வந்தது. சுரைக்காய் அளவில் இரண்டு சிவப்பு ரப்பர் பைகள். பின்சக்கரத்துச் சுருள் ஸ்பிரிங்குக்குள் நுழைத்துக் காற்றடித்தால் ஸ்பிரிங்குக்குத் தோள் கொடுக்குமாம். கூடவே குழாய், இரண்டு வால்வு, மூன்று வாய் வைத்த ஓர் இணைப்பு, படம் போட்ட காகிதம். காகிதம் கற்றுக்குட்டிகளுக்கு. வண்டிக்கு அடியில் படுக்க விரித்துக்கொள்ளலாம்.

மார்ச் 7, சனி

வரலாறு இந்நாளைக் குறித்துக்கொள்ளட்டும்.

வண்டியின் உடம்பை ஜாக்கியில் தூக்கினேன். சக்கரங்கள் தொங்கின, ஸ்பிரிங் நீண்டது, வளையங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. உள்ளே இருந்த ரப்பர் கட்டையைப் பிடுங்க முக்கால் மணி நேரம். பூமி தோன்றிய நாளிலேயே அதுவும் முளைத்திருக்க வேண்டும்.

பிறகு பை. அதைப் பாய் மாதிரி சுருட்டி வளைய இடுக்கில் திணிக்க வேண்டும். நான் சுருட்டினேன், அது விரிந்தது. நான் நெருக்கினேன், அது என் மூக்கில் அறைந்தது. மல்யுத்தத்தில் மூன்று சுற்றும் அதற்கே வெற்றி.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, உள்ள காத்து இருந்தா அது எப்படி மடங்கும்? வாயால உறிஞ்சிட்டு மூடியைப் போடுங்க."

அதைத்தான் செய்யவிருந்தேன் என்று அறிவித்துவிட்டு உறிஞ்சினேன். பை வெறும் தோலாகி, வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

அடுத்தது வால்வு. இரண்டுக்கு பம்பரில் இரண்டு ஓட்டை போட வேண்டும். ஒன்றுக்கே கை கழன்றுவிட்டது. அப்போதுதான் மனித குலத்தையே உய்விக்கும் அந்த யோசனை உதித்தது: மூன்று வாய் இணைப்பை வைத்து இரு பைகளையும் சேர்த்துவிட்டால் ஒரே வால்வு போதுமே.

"ஒரு வால்வு மிச்சம் இருக்கே?" என்றாள் மனைவி.

"உபரி. கம்பெனிக்காரனுக்குத் தாராள மனசு."

காற்றடித்தேன். வண்டி எழுந்தது. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட இல்லை. தெருநாய் ஒன்று மரியாதை நிமித்தம் எழுந்து நின்றது.

மார்ச் 8, ஞாயிறு

இடுப்பு இப்போது எனக்குச் சொந்தமில்லை.

மார்ச் 10, செவ்வாய்

அக்கா மகள் விவரமானவள். குஞ்சு இல்லாமல் தண்ணீர் மட்டும் ஏற்றச் சொன்னாள், தானும் ஏறிக்கொண்டாள். நேர்ச்சாலையில் வண்டி அன்னம்போல் மிதந்தது. ரவுண்டானா வந்தது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்தது நிமிராமல் மேலும் சாய்ந்தது. தொட்டித் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் ஓடி, மூடியைத் தள்ளி, நடைபாதையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒருவர்மேல் அருவியாக இறங்கியது. அவர் நிதானமாக அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

ஓரம் கட்டியதும் கேட்டாள்: "பையில கோளாறா, மாட்டினதுல கோளாறா?"

"பைதான். மட்டமான சரக்கு," என்றேன், கண்கூட இமைக்காமல்.

அவள் போனை எடுத்தாள். "அண்ணே, பதினாறாம் தேதி காலையில உங்க வண்டி கிடைக்குமா?" என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே.

மார்ச் 11, புதன்

வண்டிக்கு அடியில் மறுபடி படுத்து எழுந்தபோது, விரித்திருந்த காகிதம் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது. உரித்துப் பார்த்தேன். இரண்டு பைகளை ஒரே குழாயில் சேர்த்த படம். என்னைப் பார்த்து வரைந்ததுபோல அச்சு அசல். அதன்மேல் பெரிய பெருக்கல் குறி. ஆடும் சுமை ஒரு பக்கம் சரிந்தால் அந்தப் பையின் காற்று எதிர்ப்பக்கத்துப் பைக்கு ஓடிவிடுமாம். தாங்க வேண்டிய பக்கம் தொய்ந்துவிடுமாம். அதனால் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு.

இது யாருக்கும் தெரியாது. கிழித்துப் போட்டால் போச்சு. ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிட்டு, உயர்ரகப் பை வரவழைத்தேன் என்று புளுகலாம். புளுகுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை —

ஆனா அன்னைக்கு அந்த அறுநூறையும் அவதான் ஒண்ணொண்ணா வலையில எடுத்தா. என்னை ஒரு வார்த்தை சொல்லலை. நாலு வார்த்தை திட்டியிருந்தா இந்நேரம் நான் நிம்மதியா புளுகியிருப்பேன். என்ன மாமன் நான்?

மார்ச் 12, வியாழன்

பண்ணைக்குப் போனேன். முன்னுரை, உவமை எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். எதுவும் வரவில்லை.

"பை நல்ல பைதான்மா. மாட்டினவன்தான் மட்டம்."

வலையை உதறிக்கொண்டே கேட்டாள். "அன்னைக்குப் பைன்னு சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அந்த அண்ணன்கிட்ட ஆமான்னு சொல்லிட்டேன் மாமா."

"சரிம்மா."

கேட் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து குரல்: "சனிக்கிழமைக்குள்ள மாத்திட்டு வாங்க. தண்ணியோட அதே ரவுண்டானா. சரியா வந்தா அவர்கிட்ட நானே பேசறேன்."

மார்ச் 13, வெள்ளி

இரண்டாவது ஓட்டையை மனைவி போட்டாள். நான்கு நிமிடம். அதைப் பற்றி இதற்குமேல் எழுத விருப்பமில்லை.

மார்ச் 14, சனி

அந்த ரவுண்டானாவை ஏழு முறை சுற்றினோம். ஒரு சொட்டு சிந்தவில்லை. எட்டாவது சுற்றுக்கு நான் தயார். அவள்தான் தலை சுற்றுகிறது என்றாள். இறங்கியதும் அந்த அண்ணனுக்குப் போன் போட்டாள். இம்முறை கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பேசினாள்.

மார்ச் 16, திங்கள்

நாலாயிரத்தில் பதினொன்று மிதந்தன. குளத்துக்காரர் அடுத்த மாதத்துக்கும் சொல்லிவிட்டார்.

காலையில் கிளம்பும்போது அவள் திரும்பி உட்கார்ந்து, பின்கண்ணாடி வழியே தொட்டிகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். ரவுண்டானா தாண்டியது. பாலம் தாண்டியது. ஏதோ பெருமையடிக்க வாயைத் திறந்து பக்கத்தில் பார்த்தேன்: தலை கதவில் சாய்ந்திருந்தது, தூங்கிவிட்டாள்.

முப்பது கிலோமீட்டர் வாயே திறக்கவில்லை. ஹாரன்கூட அடிக்கவில்லை. குளத்துக்காரரின் கேட்டில் நிறுத்தியபோது சொன்ன நேரத்துக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. எஞ்சினை அணைத்தால் விழித்துக்கொள்வாள் என்று ஓடவிட்டே உட்கார்ந்திருந்தேன்.