ஆர்ல் நகரில் பூட்டிய கார்

லியோன், பிரான்சு
16.6.2008

நித்யா அப்பாவுக்கு,

மாதா புண்ணியத்தில் பத்திரமாக வந்து சேர்ந்தேன். விமானத்தில் அடைத்த காது இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. நீங்கள் மூன்று பை போட்டுக் கட்டிய கருவாட்டை எவனும் மோந்து பார்க்கவில்லை. மாப்பிள்ளைக்கு வாயெல்லாம் பல்.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போன் மாப்பிள்ளையுடையது. நாம் பேசும்போது ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். அன்பாகத்தான். ஆனால் அப்படிப் பேசும்போது சாப்பாடு, தூக்கம், மழை இதற்குமேல் எனக்கு வாயே வருவதில்லை. தெருமுனையில் மஞ்சள் நிறத்தில் தபால் பெட்டி இருக்கிறது. கோயிலுக்குப் போகும்போது போட்டுவிடுவேன்.

நித்யா இளைத்துவிட்டாள். ஏர்போர்ட்டில் கட்டிக்கொண்டபோது அவள் முதுகெலும்பு என் கையில் தட்டுப்பட்டது. கேட்டால், இங்கே எல்லாரும் இப்படித்தான் இருப்பார்கள் என்கிறாள். அது போகட்டும். பேச்சே இல்லாமல் இருக்கிறாளே, அதுதான் எனக்கு ஆகவில்லை. சிதம்பரத்தில் என் தம்பி தேவசகாயம் வீட்டில் தங்கி எம்.ஏ. சரித்திரம் படித்தபோது, ஒரு கல்லைப் பார்த்தால் எந்த ராஜா காலம் என்று சொல்லாமல் நகரமாட்டாள். அவன்கூட, இவளோடு கடைத்தெருவுக்குப் போனால் விடிந்துவிடும் என்று அலுத்துக்கொள்வான். இந்த லியோனில் மலைமேல் ரோமானியர் காலத்துக் கட்டடங்கள் இருக்கின்றனவாம். வந்து மூன்று வருடமாகியும் அவள் ஏறிப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அத்தை அத்தை என்று பையைத் தூக்குகிறார், மீன் வறுத்துத் தருகிறார். வீட்டுச் சாவி மட்டும் ஒன்றே ஒன்று, அவர் பாக்கெட்டில். புது ஊர், நித்யா தொலைத்துவிடுவாள் என்கிறார். மூன்று வருடமாகவா புது ஊர்?

ஜூலையில் அவருக்கு மூன்று வாரம் லீவு. காரிலேயே ஆவிஞோன், ஆர்ல், கார்க்கசோன் என்று பழைய நகரங்களை எல்லாம் காட்டிவிட்டு, லூர்து மாதா காட்சி கொடுத்த நூற்றைம்பதாம் வருடம் என்பதால் கடைசியில் லூர்துக்கும் கூட்டிப்போகிறாராம். எனக்குக் கொடுப்பினைதான். ஆனாலும் மனசு என்னவோ போல இருக்கிறது. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம்.

பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.

சவரிமேரி

*

கடலூர் முதுநகர்
27.6.2008

அன்புள்ள மேரிக்கு,

உன் கடிதம் வந்தது. மாத்திரை சாப்பிடுகிறேன். ரசம் வைக்கிறேன், அது ரசம் என்று எனக்கு மட்டும் தெரிகிறது.

மாப்பிள்ளை அனுப்பிய படங்களை பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் போட்டு வாங்கிவந்தேன். பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம்கூடக் காட்டினேன். நித்யா எல்லாப் படத்திலும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நீதான் உர்ரென்று நிற்கிறாய்.

உனக்கு எதை எடுத்தாலும் சந்தேகம். சுனாமி சமயத்தில் லீவுக்கு வந்த பையன், லீவு முழுவதும் தேவனாம்பட்டினத்தில் அரிசி மூட்டை தூக்கினான். பிணத்தையும் தூக்கினான். அதைக் கண்ணால் பார்த்துத்தான் நானே புதுச்சேரிக்குப் போய் அவன் அப்பாவிடம் பெண் தருகிறேன் என்றேன். பிரெஞ்சு நேஷனாலிட்டிக்காகக் கொடுத்தேன் என்று ஊரில் நாலு பேர் சொன்னால் சொல்லட்டும். அந்தப் பையன் தப்பாக இருக்க வழியில்லை. சாவி யாரிடம் இருந்தால் என்ன, கதவு திறக்கிறதா இல்லையா?

பிள்ளை இல்லாத கவலையில் இளைத்திருப்பாள். லூர்தில் அதற்காக வேண்டிக்கொள். வாய்க்காத இடமெல்லாம் உனக்கு வாய்த்திருக்கிறது, சந்தோஷமாக ஊரைப் பார்.

ஞானப்பிரகாசம்

*

ஆர்ல்
8.7.2008

நித்யா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பிரித்த நிலையில்தான் என் கைக்கு வந்தது. மாப்பிள்ளைதான் கொடுத்தார். “மாமா உங்கள கோச்சிக்கிறாரு அத்தை” என்று சிரித்தார். மறுநாளே புதுச் சாவி ஒன்று செய்து என் கண்முன்னால் நித்யா கையில் கொடுத்து, இப்போது திருப்தியா என்று கேட்டார். ராத்திரிக்குள் அந்தச் சாவி அவள் கையில் இல்லை. இனிமேல் லியோன் முகவரிக்கு எழுதாதீர்கள்.

ஆவிஞோனில் போப்பாண்டவர்கள் ஒரு காலத்தில் குடியிருந்த அரண்மனையைப் பார்த்தோம். நம் கடலூர்க் கோட்டையை நாலைந்து சேர்த்து அடுக்கினாலும் எட்டாது. நித்யாவுக்குக் கண் மின்னியது. வழிகாட்டிப் பெண்ணிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அந்தப் பெண் மகிழ்ந்துபோய் எங்களைத் தனியாக ஒரு மூலைக்குக் கூட்டிப்போய்ச் சுவரில் அழிந்துபோன சித்திரத்தைக் காட்டினாள். இரண்டு பேரும் பேசிச் சிரித்தார்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய நித்யாவை அன்றைக்குத்தான் பார்த்தேன். மாப்பிள்ளையும் சிரித்தபடிதான் நின்றார். வாசலில் நிற்கவைத்து உங்களுக்கு அனுப்பப் படம் எடுத்தார். அதன்பிறகு அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்று ஆர்ல் வந்தோம். இங்கே ரோமானியர் கட்டிய வட்ட மைதானம் ஒன்று இருக்கிறது. அவளுடைய பாடப் புத்தகத்தில் படமாக இருந்ததாம். காரை நிறுத்தியதும் மாப்பிள்ளை, “அவளுக்குத் தலைவலி அத்தை, நாம மட்டும் போவலாம்” என்றார். தலைவலி என்று அவள் சொல்லி நான் கேட்கவில்லை. இறங்கிச் சாவியை அமுக்கிப் பூட்டினார். அப்படிப் பூட்டினால் உள்ளேயிருந்தும் திறக்காதாம். வைகாசி வெயில் போல அடித்தது. கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைத்திருந்தார். எனக்குப் படிப்படியாகக் காட்டி, ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்து, ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆக்கினார். நான் போகலாம் போகலாம் என்றேன். இவ்வளவு தூரம் வந்துட்டு என்ன அவசரம் என்றார்.  கத்தத் தோன்றியது, யாரிடம் எந்தப் பாஷையில் கத்துவது?

திரும்பி வந்தபோது அவள் ரவிக்கை நனைந்து முகம் வெளுத்திருந்தது. அவர் பெட்ரோல் போட இறங்கிய நேரத்தில் என்னடி இது என்றேன். “நான் கார்லேந்தே பாத்துட்டம்மா. ரெண்டு அடுக்கு வளைவு நல்லா தெரிஞ்சிது” என்றாள்.

அவள் பாஸ்போர்ட் அவரிடம். என்னுடையதையும் பத்திரமாக வைக்கிறேன் என்று கேட்டார். மாதா படத்தோடு சேர்த்து மடியில் கட்டியிருக்கிறேன், வேண்டுதல், லூர்து வரை அவிழ்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பொய்தான். மாதா பார்த்துக்கொள்வாள்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். லூர்தில் யாத்ரீகர் விடுதியில் சிஸ்டர் சவரியம்மாள் இருக்கிறார். மங்கலம்பேட்டைக்காரர், நம் பங்கில் கொஞ்ச காலம் இருந்தாரே, அவர்தான். அவருடைய இமெயில் முகவரி நம் பங்குச் சாமியாரிடம் இருக்கும். எழுதுவதை அவருக்கு அனுப்புங்கள். தேவசகாயத்திடம் மட்டும் விஷயத்தைச் சொல்லுங்கள். சம்பந்தி வீட்டுக்கு மூச்சு விடக்கூடாது. நாங்கள் இன்னும் அவர் காரில்தான் இருக்கிறோம். மறந்துவிடாதீர்கள்.

சவரிமேரி

*

கார்க்கசோன்
17.7.2008

என்ன செய்தீர்கள்?

நேற்று மத்தியானம் கோட்டைச் சுவர்மேல் நடந்துகொண்டிருந்தோம். புதுச்சேரியிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளை தள்ளிப் போய்ப் பேசினார். முகம் கறுத்துத் திரும்பிவந்து, எங்கள் இருவரையும் பார்த்து, அடுத்த கோபுரத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தெரியும். ராத்திரி எங்கள் அறைக் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனார், அத்தைக்குப் பயம் என்று ஓட்டல்காரரிடம் சொல்லிவிட்டு.

லூர்து வேண்டாம், நேராக லியோன் போகலாம் என்கிறார். மாதாவுக்கு நேர்ந்துகொண்டு வந்தவளைத் திருப்பினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அழுது பிடிவாதம் பிடித்தேன். சரி என்றிருக்கிறார். காலையில் எப்படி மாறுவாரோ தெரியவில்லை.

நித்யா ராத்திரி முழுக்க என் கையை விடவில்லை. இதை ஓட்டல் பணிப்பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன்.

*

கடலூர் முதுநகர்
18.7.2008

மேரிக்கு,

சிஸ்டர் இதைப் பிரிண்ட் எடுத்து உன்னிடம் கொடுப்பார் என்று நம்பி எழுதுகிறேன். இரண்டு நாளாக மாப்பிள்ளை போன் அணைத்தே கிடக்கிறது. சோறு இறங்கவில்லை.

நீ வேண்டாம் என்றதைத்தான் செய்தேன். உன் கடிதம் வந்த அன்றே தேவசகாயம் மச்சானைச் சிதம்பரத்திலிருந்து வரச்சொன்னேன். பெரியவர்களைக் கலக்காமல் எப்படி என்று எனக்குத் தோன்றிவிட்டது. நம் பக்கத்தில் அதுதானே முறை. வாழைப்பழமும் ஆப்பிளும் மிக்சரும் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினோம். தட்டை நடுவில் வைத்து, எங்கள் பெண் காரில் அடைபட்டிருந்தாளாம், நீங்கள் கொஞ்சம் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்று பணிவாகத்தான் பேசினேன்.

சம்பந்தி எழுந்துபோய் எங்கள் எதிரிலேயே பிள்ளைக்குப் போன் போட்டுவிட்டார். தடுக்க எனக்குத் தோன்றவில்லை. அவர் கொல்லைப் பக்கம் பேசிக்கொண்டிருக்கும்போது சம்பந்தியம்மா காப்பி கொண்டுவந்தார்கள். எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி மெதுவாக, “இவுரும் வயசுல அப்புடித்தாங்க. ரூம்ல வச்சிப் பூட்டிட்டு ஆபீஸ் போயிடுவாரு. நான் இருக்கலியா?” என்றார்கள். சொல்லிவிட்டு, சர்க்கரை போதுமா என்று கேட்டார்கள்.

அந்தக் காப்பியை நான் குடிக்கவில்லை. கொண்டுபோன தட்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். முறை இல்லைதான். அவர்களும் நாமும் இனிமேல் சம்பந்தி இல்லை.

மூட்டை தூக்கியதையும் நான் கண்ணால் பார்த்தேன், மேரி. அது பொய் இல்லை. இதுவும் பொய் இல்லை. இரண்டும் ஒரே ஆள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. விளங்கும்வரை காத்திருக்க வேண்டாம். அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வா. ஊர் பேசுவது அடங்கும்வரை அவள் சிதம்பரத்தில் இருக்கட்டும் என்று மச்சான் சொல்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. கல்லூரியில் வேலைக்கும் சொல்லிவைக்கலாம்.

இன்னொன்று. பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க ஒரே நினைப்பு. உன்னிடம் யாராவது கேட்டால், நீயும் என்னைப் பற்றி அப்படித்தான் சொல்வாயா? நான் இருக்கவில்லையா என்று? எழுது.

ஞானப்பிரகாசம்

*

லூர்து
21.7.2008

நித்யா அப்பாவுக்கு,

வெளியே வந்துவிட்டோம். முதலில் அதை எழுதிவிடுகிறேன், மூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

நேற்று ஞாயிறு பூசையில் சிஸ்டர் சவரியம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டு, ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் உங்கள் கடிதத்தைக் கையில் மடித்து வைத்தார். மாப்பிள்ளை பக்கத்திலேயேதான் நின்றார். இங்கே ஊற்றுத் தண்ணீரில் முழுகும் இடத்தில் பெண்களுக்குத் தனி வரிசை, ஆண்கள் உள்ளே வரமுடியாது. சிஸ்டர் அங்கேதான் உதவி செய்கிறார்; அங்கே வந்தால் பின்வாசல் வழியாக மடத்துக்குப் போய்விடலாம் என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தார். நித்யாவும் முழுகினால்தான் பிள்ளை வரம் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அதற்கு அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அவள் கைப்பையைத் தானே வாங்கி வைத்துக்கொண்டு, எங்கள் செருப்பையும் வரிசையாக வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்தார்.

வரிசையில் வைத்துத்தான் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அப்பாவுக்குத் தெரியுமா?” என்றாள். உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். சம்பந்தியம்மா சொன்ன இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். எங்கள் முறை வந்தது. பின்னால் நின்ற வெள்ளைக்காரக் கிழவியை முன்னால் போகச் சொன்னாள். இன்னொருத்தியையும் விட்டாள். எனக்கு உயிரே இல்லை. அப்புறம் கடிதத்தை மடித்து என்னிடம் தந்துவிட்டு, “வாம்மா” என்று சிஸ்டர் பின்னால் நடந்தாள். வெறுங்காலோடு பின்வாசல் வழியாகக் கன்னியர் மடத்துக்கு வந்தோம். இவ்வளவு தூரம் வந்தும் நான் அந்தத் தண்ணீரில் கால் வைக்கவில்லை.

இங்குள்ள போலீசில் சிஸ்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்க வழி உண்டாம், இல்லாவிட்டால் தூதரகத்தில் வேறு தாள் தருவார்களாம். அவர் மடத்து வாசலில் பூங்கொத்தோடு நின்று அழுதார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். நிஜமாகவே அழுகிறார், அதைத்தான் பார்க்க முடியவில்லை. உங்களுக்கும் போன் செய்து அழுவார். கேட்டுக்கொள்ளுங்கள். எதற்கும் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். நீங்கள் என்னைப் பூட்டியதில்லை. கை ஓங்கியதில்லை. சம்பந்தியம்மா சொன்னதை நான் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் புதுச்சேரிக்குப் போய்ப் பெண் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து என்னிடமும் அவளிடமும் சொன்னீர்கள். எங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டீர்கள். அதுவும் உண்மை. கேட்டுவிட்டு, நாங்கள் வாயைத் திறப்பதற்குள், பையன் தங்கம் என்று நீங்களே பதிலும் சொல்லிவிட்டீர்கள். இத்தனை வருடத்தில் கேள்வியைக் கேட்டுவிட்டு ‘எழுது’ என்று நீங்கள் நிறுத்தியது இந்தக் கடிதத்தில்தான். அதைப் படித்துவிட்டு நான் அழுதேன், கோபத்தில் இல்லை.

சிதம்பரம் என்று நீங்களும் தேவசகாயமும் முடிவு செய்திருக்கிறீர்கள். சிஸ்டர், இந்த நாட்டிலேயே துலூஸ் நகரில் பெண்கள் விடுதியில் தங்கி மேலே படிக்கலாம் என்கிறார். எனக்கு அவளைக் கடலூருக்கே கூட்டிவந்து என் பக்கத்தில் படுக்கவைக்க வேண்டும் போலிருக்கிறது. ஆளுக்கொன்று சொல்கிறோம். அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

சிஸ்டர் இதைக் கம்ப்யூட்டரில் அனுப்புகிறார், பிரவுசிங் சென்டரில் வாங்கிக்கொள்ளுங்கள். புதன்கிழமை சாயங்காலம் இந்த மடத்துப் போனிலிருந்து நித்யா உங்களைக் கூப்பிடுவாள். ஸ்பீக்கரில் இல்லை, தனியாக. நானும் பக்கத்தில் இருக்கமாட்டேன். எங்கே இருக்க ஆசை என்று அவளிடம் கேளுங்கள். உடனே பதில் வராது. பேசிப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. ஹலோ ஹலோ என்று கத்தாதீர்கள், லைன் கட்டாகியிருக்காது. நீங்களாக ஒன்றும் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவள் சொல்லும்வரை சும்மா இருங்கள்.

சவரிமேரி