நகரவாசலுக்கு வெளியே ஓர் ஆர்க்

1 பிப்ரவரி 2024, வியாழன்

தண்ணீர் லாரி வரவில்லை. மகள் மதியோடு பேச்சு நின்று பத்தொன்பது நாள் ஆகிறது. நானாக ஆரம்பிக்கப் போவதில்லை.

மதி ஆபீஸ் பக்கத்தில் வாடகைக்கு வீடு பார்க்கிறாள். வீட்டுக்காரன் கொடுத்த படிவத்தில் சொந்த ஊர் பெரம்பூர் என்று எழுதியிருந்தாள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்த வியாசர்பாடி ஹவுசிங் போர்டில். ஏன் என்று கேட்டதற்கு, "மூணு எடத்துல உண்மைய சொல்லிப் பாத்துட்டேன் நைனா. வூடு இல்லன்னுட்டாங்க" என்றாள். இல்லை என்கிறவன் வீட்டில் எதற்குக் குடியிருக்க வேண்டும்?

முப்பத்தாறு வருடம் துறைமுகத்தில் வெல்டராக இருந்தேன். யார் கேட்டாலும் ஊரைச் சொல்லியிருக்கிறேன், குரலைக் குறைக்காமல். ஐந்தாம் வகுப்போடு படிப்பு போச்சு. மரப்பெட்டிகளின் மேல் அடித்திருந்த எழுத்தைப் பார்த்து இங்கிலீஷ் பழகினேன். இவள் இன்ஜினியரிங் படித்துவிட்டுப் பொய் எழுதுகிறாள்.

4 பிப்ரவரி, ஞாயிறு

மதியின் சிநேகிதர்கள் வழக்கம்போல மதியம் வந்தார்கள். ராயபுரத்து மெர்லின், திருவொற்றியூர் குப்பத்து வெற்றி. காகிதமும் பல முகம் உள்ள தாயக்கட்டைகளும் வைத்து ஒரு கதை விளையாட்டு. மதி கதையை நடத்துவாள். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கு ஒரு பாத்திரம். மூன்றாவது ஆள் பெங்களூர் போய்விட்டானாம்.

"ஒரு ஆள் கம்மியா கீது அங்கிள், நீ வாயேன்" என்றாள் மெர்லின். மதி தலை நிமிரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உட்கார்ந்தேன்.

ஒரு தாளை நீட்டினார்கள். பெயருக்கு அடுத்த கட்டமே ரேஸ். என்ன இனத்தில் பிறந்தாய் என்று கேட்கிறது. பேனாவை வைத்துவிட்டேன். விளையாட்டிலுமா? "அது சும்மா அங்கிள், எல்ஃப் எடுத்துக்கோ, தேவத மாதிரி. செம அழகு, எங்க போனாலும் மரியாத" என்றான் வெற்றி. அவன் எல்ஃப்தானாம். விரலெல்லாம் வலை அறுத்த தழும்பு.

கட்டத்தை நிரப்பாமல் எழுந்து வந்தேன்.

5 பிப்ரவரி

மனைவி சொக்கம்மாள்: "அப்பனுக்கும் பொண்ணுக்கும் நடுவுல நான் இன்னா தபால்காரியா?"

11 பிப்ரவரி, ஞாயிறு

மறுபடி தாள். மெர்லினைக் கேட்டேன்: இதில் எவனை ஊருக்குள் விடமாட்டார்கள்?

"ஆர்க்தான், ராட்சசன் மாதிரி கீறவன். பாத்தாலே ஓடுவாங்க. நாத்தம்னுவாங்க. டவுனுக்குள்ள சேக்க மாட்டாங்க. வேணாம் அங்கிள், ரொம்ப பேஜாரு."

பெரிய எழுத்தில் எழுதினேன். ஆர்க். மதி தாளை வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

18 பிப்ரவரி, ஞாயிறு

கதையில் நகரவாசல் வந்தது. காவலாளிக்கு மதிதான் குரல். ஆபீஸ் போனில் பேசும் தமிழில் கேட்டாள்: "நீங்க எங்கிருந்து வர்றீங்க?" வீட்டில் 'கீது' என்பவள், அந்தத் தமிழில் 'இருக்கு' என்பாள்.

மற்ற இருவரும் ஏதோ ஊரைச் சொல்லி உள்ளே போனார்கள். என் முறை. "ஆர்க் சேரி" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. "மன்னிக்கணும். உங்களை விட முடியாது."

வெற்றி காதருகே வந்து, "அங்கிள், என்னாண்ட ஒரு மந்திரம் கீது. ஒரு மணி நேரத்துக்கு உன்ன மனுஷனா காட்டும். உள்ள பூந்துட்டா அப்புறம் பாத்துக்கலாம்" என்றான்.

"அவனுக்கு நான் மனுஷனா தெரியலன்னா அது அவன் கண்ணு கோளாறு" என்றேன்.

அவர்கள் உள்ளே சத்திரம், சண்டை, புதையல் என்று மூன்று மணி நேரம் ஆடினார்கள். நான் வாசலுக்கு வெளியே. டீ கொண்டுவந்த சொக்கம்மாள், "இன்னாய்யா, ஆடவே மாட்டேன்ற? வாட்ச்மேன் வேலையா?" என்றாள். நடுநடுவே மதி கேட்டாள்: "ஆர்க் இன்னா பண்றாரு?" "குந்திகினு கீறாரு." நாலு முறை கேட்டாள். நாலு முறையும் அதையே சொன்னேன்.

முப்பத்தாறு நாளில் என்னோடு அவள் பேசியது அதுதான்.

21 பிப்ரவரி

துணி எடுக்க மாடிக்குப் போனேன். மதி அங்கே நின்றிருந்தாள். அவளாகவே பேசினாள்.

"நான் அந்த மந்திரத்த போட்டுகினுதான் உள்ள போறேன், நைனா. உள்ள போனா ஜாலின்னு நினைக்கிறியா? எப்ப கலையும்னு மணியப் பாத்துகினே இருக்கணும். பேசுற பேச்சு, துன்ற சோறு, எல்லாத்தையும் பாக்கணும். போக வர நாலு மணி நேரம் பஸ்ல நின்னு இடுப்பு போச்சு. அதான் போறேன். உன்ன மறைக்க போகல."

நான் என்ன சொன்னேன்? "நான் மாற மாட்டேன்" என்றேன். அதையா கேட்டாள் அவள்? வேறு ஒரு வார்த்தை கூடவா கிடைக்கவில்லை எனக்கு?

துணி பாதி ஈரம். அப்படியே எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

25 பிப்ரவரி, ஞாயிறு

கடைசி ஆட்டம். ஆர்க் வெளியேதான்.

2 மார்ச், சனி

மதி போய்விட்டாள். இரண்டு பெட்டி, ஒரு மிக்ஸி. தாயக்கட்டைப் பையை இங்கேயே விட்டுவிட்டாள். மறந்தாளா, விட்டாளா?

10 மார்ச்

சொக்கம்மாளுக்கு முட்டி வலி, மதி இருக்கும் மூன்றாம் மாடிக்கு ஏற முடியாதாம். "உன் ரோஷத்த கொஞ்சம் கயட்டி வச்சிட்டு நீ போய் பாத்துட்டு வாயேன்யா" என்கிறாள். முடியாது என்றேன்.

17 மார்ச், ஞாயிறு

போனேன். இரண்டு பஸ். பையில் நெத்திலித் தொக்கு, தாயக்கட்டைகள்.

வாசலில் வாட்ச்மேன். வடக்கத்திப் பையன், மரியாதையான பையன். பெரிய நோட்டை நீட்டினான். பெயர், எந்த வீடு, எங்கிருந்து வருகிறீர்கள். பேனா நூலில் கட்டியிருந்தது. எனக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். மதி கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பாள் என்று தோன்றியது.

பெரம்பூர் என்று எழுதினேன். என் கையெழுத்துதான். திரும்பிப் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது.

எதிர்வீட்டு அம்மாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கப்பா" என்றாள் மதி. கதவைச் சாத்திய பிறகு, "இன்னா நைனா, எளச்சிட்ட?" என்றாள். ஜன்னலை மூடிவிட்டுத் தொக்கு டப்பாவைத் திறந்தாள். விரலால் தொட்டு நக்கினாள். கண் கலங்கியது, காரம் என்றாள். நோட்டைப் பற்றி நான் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து சட்டையைச் சரிசெய்தேன்.

"இப்பதான வந்த? இன்னும் கொஞ்சம் குந்து நைனா."

மணியைப் பார்த்தேன். வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கிளம்பிவிட்டேன்.