பூண்டு எத்தனை மாசப் பயிர்

ஹாமில்டன், கனடா
8.9.2024

மோகன் அப்பாவுக்கு,

சௌந்திரம் எழுதுவது. இங்கே நானும் மகனும் மருமகள் தனப்பிரியாவும் பேத்தியும் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? போனில் பேசினால் மோகன்குமார் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். நீங்களும் பொதுக்கூட்டத்தில் பேசுகிற மாதிரி நாலு வார்த்தை பேசி வைத்துவிடுகிறீர்கள். அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே அனுப்புங்கள். நமக்குள் இருப்பது நமக்குள் இருக்கட்டும்.

இந்த வீட்டில் முன்பு இருந்தவர்கள் கொல்லையில் ஒரு பசுமைக்குடிலை விட்டுப் போயிருக்கிறார்கள். சுற்றிலும் கண்ணாடி, நம் மாட்டுக் கொட்டகையில் பாதிகூட இருக்காது. தனப்பிரியா அதில் ஓட்டை சைக்கிளைப் போட்டு வைத்திருந்தாள். அதையெல்லாம் ஒழித்துவிட்டு வெந்தயக்கீரையும் பாலக்கும் மல்லியும் விதைத்திருக்கிறேன். இங்கே இதுதான் கடைசிப் பட்டம். உறைபனி விழுவதற்குள் நாலு இலை விட்டுவிட்டால் போதுமாம். அப்புறம் வளராது, சாகவும் சாகாது. குளிர்காலம் பூராவும் கிள்ளிக்கொள்ளலாம் என்கிறார்கள்.

எருவுக்குத்தான் வழியில்லை. உதிர்ந்த இலை, காய்கறித் தோல், காப்பிச் சக்கை எல்லாம் குவித்தேன். சாணி இல்லாத குப்பை சூடேறுவேனா என்கிறது. உள்ளே கையை விட்டால் சில்லென்று இருக்கிறது. என்ன செய்யலாம், எழுதுங்கள்.

நம் மாடுகள் எப்படி? செவலையின் சினை நல்லபடியாக இருக்கிறதா? மயிலை இன்னும் முரண்டு பிடிக்கிறதா? தையில் நான் வந்த பிறகு செவலை ஈன வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

சௌந்திரம்

பரமத்தி வேலூர்
15.9.2024

சௌந்திரத்துக்கு,

இருமல் பரவாயில்லை. ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது. கொடிக்காலில் வெற்றிலை நன்றாக இருக்கிறது. கோழி எரு ஒரு லோடு இறக்கிப் போட்டேன்.

உன் குப்பைக்கு வெல்லத்தைப் புளித்த மோரில் கரைத்து ஊற்று. பிடித்தால் கையில் ஒட்ட வேண்டும், சொட்டக் கூடாது. நன்றாகக் கிளறிவிட்டுப் பழைய சாக்கால் மூடி வை. மாடுகள் சுகம்.

உன் தம்பி தங்கமுத்து கடைவீதியில் நாலு பேரை வைத்துக்கொண்டு, “ஏனுங் மாமா, அக்கா இனி எங்கீங்க வரப் போகுது? அங்கயே இருந்துக்குமாட்ட இருக்குது” என்றான். நான் சிரித்து வைத்தேன். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். தையில் கிளம்புகிறவளுக்குக் குளிர்காலம் பூராவும் கிள்ளுகிற கீரை எதற்கு?

வெள்ளியங்கிரி

ஹாமில்டன்
18.10.2024

மோகன் அப்பாவுக்கு,

உங்கள் வெல்ல வைத்தியம் பலித்துவிட்டது. காலையில் குப்பையைக் கிளறினால் இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி ஆவி வருகிறது. மோகன், “அம்மா, பக்கத்து ஊட்டுல நெருப்புன்னு நெனச்சுக்கப் போறாங்க” என்று கேலி பேசுகிறான். போன வாரம் முதல் உறைபனி விழுந்தது. வெளியே எல்லாச் செடியும் ஒரே இரவில் கறுத்துப்போயின. குடிலுக்குள் கீரைமேல் பழைய போர்வை போர்த்தி வைத்ததில் பிழைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு இத்தாலிக்காரம்மா நாலு கை பூண்டு விதை கொடுத்தாள். அதையும் குடிலுக்குப் பக்கத்தில் ஊன்றிவிட்டேன்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். கோழி எரு சூடு, கொடிக்காலில் போட்டால் வேர் வெந்துவிடும் என்று தங்கமுத்துவிடம் சண்டைக்குப் போனவர் நீங்கள்தானே? வீட்டில் இரண்டு மாடு நிற்கும்போது நாமக்கல் பண்ணையிலிருந்து லோடு எதற்கு வந்தது? நம் சாணியெல்லாம் எங்கே போகிறது?

சௌந்திரம்

பரமத்தி வேலூர்
24.10.2024

சௌந்திரத்துக்கு,

கொடிக்கால் பெரிசு, இரண்டு மாட்டுச் சாணி எந்த மூலைக்குக் காணும்? அதை விடு.

பூண்டு எத்தனை மாசப் பயிர்? எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டாயா? போனில் தட்டிப் பார்த்தேன். உங்கள் குளிரில் ஐப்பசியில் ஊன்றினால் ஆடியில்தான் பிடுங்க முடியுமாம். ஆடியில் அங்கே யார் இருப்பது? விதைக்கிறவள் அறுப்புக் காலத்தை நினைக்காமல் விதைப்பாளா? நானும் விவசாயிதான்.

தங்கமுத்துவின் மகள் இன்னொன்றும் சொன்னாள். மோகன் உனக்கு எடுத்திருப்பது வருஷக்கணக்கில் தங்குகிற விசாவாம். மருமகள் பிரசவத்துக்கு என்றுதானே என்னிடம் சொன்னீர்கள்? அம்மாவும் மகனும் கூடிப் பேசி முடித்துவிட்டு எனக்குக் கீரைக் கதை சொல்கிறீர்கள்.

வெள்ளியங்கிரி

ஹாமில்டன்
3.11.2024

மோகன் அப்பாவுக்கு,

தீபாவளி அன்று நீங்கள் பேத்தியிடம் மட்டும் பேசிவிட்டுப் போனை வைத்தது எனக்கு வருத்தம். பிறந்து மூன்று மாசம் ஆன குழந்தை உங்களுக்கு என்ன பதில் சொல்லும்?

விசா சங்கதி உண்மைதான். நான் கேட்டு வாங்கவில்லை. மோகன் பேப்பரை நீட்டினான், “இருக்கட்டும்மா, ஒவ்வொரு தடவையும் அலைய வேண்டாம்” என்றான், கையெழுத்துப் போட்டேன். நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பூண்டைத் தனப்பிரியா பிடுங்குவாள். எப்போது, எப்படி என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் டிக்கெட் ஜனவரி பன்னிரண்டில் திருச்சியில் இறங்குகிற மாதிரி, தை பிறக்க இரண்டு நாள் முன்பே. அதன் படத்தையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

நான் எல்லாம் காட்டிவிட்டேன். நீங்கள் மாட்டைக் காட்டுங்கள். செவலையும் மயிலையும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரே ஒரு படம் போதும்.

சௌந்திரம்

பரமத்தி வேலூர்
7.11.2024

சௌந்திரத்துக்கு,

படம் அனுப்பியிருக்கிறேன். கண் குளிரப் பார்த்துக்கொள். டிக்கெட்டைப் பார்த்தேன். தேதியை மாற்ற ஒரு போன் போதும் என்று தங்கமுத்து சொல்கிறான்.

வெள்ளியங்கிரி

ஹாமில்டன்
10.11.2024

மோகன் அப்பாவுக்கு,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாடுகள் அழகாக நிற்கின்றன. மயிலையின் கொம்பில் நீலம், செவலையின் கொம்பில் சிவப்பு, இரண்டும் பளபளவென்று இருக்கின்றன. கார்த்திகை பிறக்கப் போகிற நேரத்தில் நம் ஊரில் யார் கொம்புக்குச் சாயம் அடிக்கிறார்கள்? போன மாட்டுப் பொங்கலுக்கு நான்தானே அடித்தேன்? அன்று எடுத்த படத்தில் கழுத்து மாலையை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பியவருக்குக் கொம்பை வெட்ட வழி தெரியவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதீர்கள். மாடுகள் எங்கே?

சௌந்திரம்

பரமத்தி வேலூர்
15.11.2024

சௌந்திரத்துக்கு,

ஆவணியிலேயே விற்றுவிட்டேன். இரண்டையும் சங்ககிரிப் பக்கம் ஒரு குடியானவர் ஓட்டிப் போனார். நல்ல மனுஷர்.

நீ போன பிறகு செவலை என்னைக் கிட்டே அண்டவிடவில்லை. சாயங்காலம் ஆனால் கட்டுத்தறியில் நின்று வீட்டு வாசலையே பார்த்துக் கத்தும். ஊரே நீ வரமாட்டாய் என்கிறது, இதுவும் கத்துகிறது. எனக்குத் தாங்கவில்லை. வராதவளுக்காக யார் மாட்டை வைத்துக்கொண்டிருப்பது என்று ஒரு கோபத்தில் கயிற்றை மாற்றிக் கொடுத்துவிட்டேன். அப்புறம் உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டாய், நானும் சுகம் என்றும் அதை விடு என்றும் எழுதிக்கொண்டே போனேன்.

நீ வா. வேறு மாடு பிடித்துக்கொள்ளலாம்.

வெள்ளியங்கிரி

ஹாமில்டன்
1.12.2024

மோகன் அப்பாவுக்கு,

இரண்டு வாரமாக எழுத மனம் வரவில்லை. இங்கே பனி கொட்டிக் குடிலின் கதவு மூடிக்கொண்டது. மண்வெட்டியால் வழி வெட்டிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து அழுதேன். தனப்பிரியா தேடிக்கொண்டு வந்து, “ஏனுங்கத்தை, குளுருல இங்க உக்காந்துட்டு” என்று கேட்டாள். அவளிடம் என்ன சொல்வது?

செவலை என் கையில் விழுந்த கன்று. அது போனதுகூட அழுது தீர்ந்துவிடும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் வருவேனா என்று தங்கமுத்துவைக் கேட்டீர்கள், அவன் மகளைக் கேட்டீர்கள், டிக்கெட்டைப் பார்த்த பிறகும் அவனைத்தான் கேட்டீர்கள். என்னை நம்பவே இல்லை. இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்ததற்கு இவ்வளவுதானா என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நான் வரமாட்டேன் என்று நினைத்துத்தானே விற்றீர்கள்? நீங்கள் நினைத்தபடியே ஆகட்டும். மோகனிடம் சொல்லித் தை டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். அவன் காரணம் கேட்டான். குழந்தை என்னிடம் ஒட்டிக்கொண்டது என்று மட்டும் சொன்னேன். இருமலுக்குச் சுக்குப்பொடி அடுப்பு மேடையில் இரண்டாவது டப்பாவில் இருக்கிறது.

சௌந்திரம்

பரமத்தி வேலூர்
13.1.2025

சௌந்திரத்துக்கு,

டிக்கெட்டை ரத்து செய்ததாக நீ எழுதியதை நான் நம்பவில்லை. கொஞ்ச நாள் தவிக்கட்டும் என்று எழுதியிருப்பாய், எப்படியும் பொங்கலுக்கு வந்து நிற்பாய் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம். உன்னிடம் கேட்டால் மாட்டேன் என்றுதான் சொல்வாய் என்று கேட்கவும் இல்லை.

நேற்றுத் தங்கமுத்துவின் காரை வாங்கிக்கொண்டு திருச்சிக்குப் போனேன். அவனை வர வேண்டாம் என்றுவிட்டேன். உன் டிக்கெட்டில் போட்டிருந்த விமானம் சொன்ன நேரத்துக்கே வந்தது. பெட்டி தள்ளிக்கொண்டு வந்த ஒவ்வொரு அம்மாளின் முகத்தையும் பார்த்தேன். ஒருத்தி தூரத்தில் உன்னைப் போலவே நடந்து வந்தாள். கம்பியைத் தாண்டி இரண்டடி எடுத்து வைத்துவிட்டேன். கடைசியில் வாசலில் நின்ற காவல்காரர், “பெரியவரே, இனி உள்ள யாரும் இல்லீங்க” என்றார். சரிங்க என்றேன். அதன் பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

உன் எழுத்தில் என்ன ஒளிந்திருக்கிறது என்று புரட்டிப் புரட்டித் தேடினேன். ஒன்றும் இல்லை. நீ எனக்கு ஒரு பொய்யும் எழுதவில்லை, சௌந்திரம். வரமாட்டேன் என்பதை மட்டுமாவது பொய்யாக எழுதியிருக்கக் கூடாதா?

வெள்ளியங்கிரி