சனிக்கிழமை சூடு

ஷ்ரூஸ்பரி
3 ஆகஸ்ட் 2015

அன்புள்ள டெரெக்குக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன். நான் நலம். அக்கா எனிட் வீட்டு மாடியறை எனக்குப் பழகிவிட்டது. காலையில் ரயில் சத்தம்தான் கொஞ்சம் தொந்தரவு.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பச்சை ஸ்போர்ட்ஸ் காரை விற்றுவிடு. அது என் பேரில் இருக்கிறது, அத்தை விட்டுப்போன பணத்தில் நான் வாங்கியது. அதனால் சொல்ல எனக்கு உரிமை உண்டு. மே மாதம் நான் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது நமக்குள் ஒரு சண்டைகூட இல்லை. முப்பத்தாறு வருஷக் கல்யாணம், பஸ்ஸை விட்டு இறங்குவதுபோல இறங்கிவிட்டேன். அந்த வண்டி ஒன்றுதான் இன்னும் பாக்கி. அதுவும் போய்விட்டால் நீ உன் வழி, நான் என் வழி.

என்ன விலைக்குப் போனாலும் சரி.

பிரெண்டா


லட்லோ
17 ஆகஸ்ட்

அன்புள்ள பிரெண்டா,

உன் கடிதம் கிடைத்தது. எனிட்டை விசாரித்ததாகச் சொல். தக்காளி இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது, தின்னத்தான் ஆள் இல்லை.

பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தேன்: "1971, இரண்டு இருக்கை, மடக்குக் கூரை, அடர்பச்சை. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் பார்க்கலாம்." நேற்று முன்தினம் ஹெரஃபர்டிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து மெழுகு பளபளப்பைப் பார்த்து வாயைப் பிளந்தார். அப்புறம் பானட்மேல் உள்ளங்கையை வைத்தார். முகம் மாறிவிட்டது.

"என்ன சார், சூடா இருக்கு?"

"காலைல கொஞ்சம் ஓட்டினேன்."

"போன்ல பேசறப்ப வண்டிய வெளியவே எடுக்கறதில்லன்னீங்களே?"

"பேட்டரிக்காக ஸ்டார்ட் பண்ணினேன்."

"இங்க பாருங்க, நான் நாலு பழைய வண்டி வாங்கி வித்தவன். ஆறிப்போன இன்ஜின் எப்படிக் கிளம்புதுன்னு பார்க்கத்தான் இவ்ளோ தூரம் வந்தேன். முன்னாடியே சூடு பண்ணி வச்சிருக்கீங்கன்னா ஏதோ மறைக்கறீங்க."

மறைக்க ஒன்றுமில்லை என்றேன். நம்பவில்லை, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். எனக்குக் கோபமோ வருத்தமோ வரவில்லை. இப்போதெல்லாம் எதுவும் வருவதில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி இருக்கிறது, அந்த டாக்டரிடமே கேட்டிருக்கலாம்.

டெரெக்


ஷ்ரூஸ்பரி
24 ஆகஸ்ட்

டெரெக்,

நன்றாய்த்தான் வண்டி விற்கிறாய்! வாங்க வருகிறவனிடம் ஒன்று சொல்லி, வந்த பிறகு வேறொன்று சொன்னால் யார் நிற்பார்கள்? உனக்கு விற்க மனமில்லை. அதை நேராகச் சொல்லிவிடு.

நானும் நேராகச் சொல்கிறேன். அந்த வண்டியை எண்பத்தி நாலிலேயே விற்றிருக்க வேண்டும். அலிசன் வயிற்றில் இருந்தாள், இரண்டு பேர் உட்காரும் வண்டியில் குழந்தையை எங்கே வைப்பது என்றுதானே விளம்பரம் கொடுத்தோம்? முன்பணம்கூட வாங்கியிருந்தாய். அவள் இரண்டே நாள் இருந்தாள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தால், வண்டி வாசலில் நிற்கிறது! என்னைக் கேட்காமல் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாய். அன்றிலிருந்து நான் அதில் ஏறியதில்லை. நீ வாராவாரம் அதற்கு மெழுகு பூசினாய். ஞாயிறுதோறும் பஸ்டன் ஹோப் கல்லறைக்கு நான் தனியாகப் போனேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நானும் வருகிறேன் என்று நீ சொன்னதில்லை. நான் போனதற்குக் காரணம் வேறு எதுவுமில்லை, டெரெக். இதுதான்.

சீக்கிரம் விற்றுவிடு.

பிரெண்டா


லட்லோ
7 செப்டம்பர்

அன்புள்ள பிரெண்டா,

நீ எழுதியதைப் படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

சனிக்கிழமை ரெக்ஸ்ஹாமிலிருந்து மெர்ல் என்று ஒரு அம்மா வந்தார், வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். வந்ததும் கோட்டைக் கழற்றித் தரையில் விரித்து வண்டிக்கு அடியில் போய்விட்டார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளேயிருந்தே பேசினார்.

"துரு ரொம்ப இல்ல. அந்தக் குறுக்குச் சட்டத்த ஒருத்தர் அழகா பத்த வச்சிருக்கார். யாரு?"

"நான்தான்."

"பொய் சொல்லாதீங்க!"

எழுந்து வந்து அவரும் பானட்மேல் கையை வைத்தார். நான் தயாராக இருந்தேன். ஆனால் அவர் சிரித்தார். "அட, யாருக்காகய்யா இத சூடு பண்ணி வச்சிருக்கீங்க? சரி, ஆறட்டும். நான் காத்திருக்கேன்." மூன்று மணி நேரம் என் அடுக்களையில் உட்கார்ந்து, நம்முடைய தக்காளியை உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். ஆறிய பிறகு சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது.

அவருக்குப் பழைய எம்.ஓ.டி. சான்றிதழ்கள் எல்லாம் வேண்டுமாம். வருஷாவருஷம் சோதனை செய்து கொடுத்த தாள்கள். அந்தக் கோப்பு நீ எடுத்துப்போன பெட்டியில் இருக்கிறது. தயவுசெய்து அனுப்பு.

டெரெக்


ஷ்ரூஸ்பரி
14 செப்டம்பர்

டெரெக்,

கோப்பு இத்துடன் வருகிறது. அனுப்பும் முன் தேதிவாரியாக அடுக்கினேன். என் புத்தி உனக்குத் தெரியும், நாற்பது வருஷம் மருந்துக் கடையில் எண்ணியவள். ஒவ்வொரு தாளிலும் அதுவரை ஓடிய மைல் எழுதியிருக்கிறது. எண்பத்தி நாலுக்கு முன்னால் ஒரு வருஷம் மூவாயிரம், ஒரு வருஷம் எண்ணூறு. அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய ஆயிரத்து நானூற்று ஐம்பது. முப்பத்தோரு வருஷமும் அப்படியே.

எனிட் வீட்டு மேசையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டிலிருந்து பஸ்டன் ஹோப் பதினான்கு மைல். போக வர இருபத்தெட்டு. ஐம்பத்திரண்டு வாரம்.

வேறு என்னவாக இருக்கும் என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். சனிக்கிழமைகளில் நான், இப்போது என்னிடம் இருக்கும் அந்தப் பெரிய காரை எடுத்துக்கொண்டு எனிட்டோடு கடைக்குப் போய்விடுவேன். கம்பெனி வேனை நீ சொந்த வேலைக்குத் தொடமாட்டாய்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை நான் போகும்போதெல்லாம் பூச்சாடியில் புதுத் தண்ணீர் இருக்கும், வாடியது ஒன்றுகூட இருக்காது. கல்லறையைப் பார்த்துக்கொள்ளும் பியூதான் செய்கிறார் என்று நினைத்து, வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவருக்கு ஒரு ஷெர்ரி ஒயின் பாட்டில் கொடுத்து வந்திருக்கிறேன். "எதுக்கும்மா இதெல்லாம்" என்பார். வாங்கிக்கொள்வார்.

எழுது, டெரெக். நீயா?

பிரெண்டா


லட்லோ
21 செப்டம்பர்

அன்புள்ள பிரெண்டா,

நான்தான்.

உன்னோடு ஏன் வரவில்லை என்று கேட்பாய். அங்கே போனால் எனக்கு அழுகை வரவில்லை. முதல் தடவையும் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. தண்ணீரை மாற்றுவேன், வாடியதை எடுப்பேன், சுவரோரம் கொஞ்ச நேரம் மரக்கட்டை மாதிரி நிற்பேன், வந்துவிடுவேன். நீ அழுது அழுது வீங்கிய முகத்தோடு வருவாய். பக்கத்தில் நான் அப்படி நிற்பதை நீ பார்த்தால் என்னை மன்னிக்கமாட்டாய் என்று பயந்தேன்.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, அந்த நிறத்தை நீ எவ்வளவு ஆசையாகத் தேர்ந்தெடுத்தாய் என்று நினைத்துத்தான். ஒரே வாரத்தில் உன்னிடமிருந்து இரண்டு போகக்கூடாது என்று பட்டது. நீ அதை வெறுத்தாய் என்பது உன் ஆகஸ்ட் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கும் அதன்மேல் ஆசையில்லை. உன்னுடையது என்று துடைத்து வைத்தேன், அவ்வளவுதான்.

நேற்று முன்தினம் மெர்ல் வந்து எடுத்துக்கொண்டு போனார். அன்று காலையும் நான் போய்விட்டுத்தான் வந்தேன். அவர் பானட்டைத் தொட்டுவிட்டு, "எங்க போய்ட்டு வர்றீங்க, ஒவ்வொரு வாரமும்?" என்று கேட்டார். பொண்ணைப் பார்க்க என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. வண்டி முனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை, பிரெண்டா. கொட்டகையில் எண்ணெய்க்கறை மட்டும் இருக்கிறது.

உன் கையெழுத்துக்காக, வண்டியைப் பேர் மாற்றும் காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் பஸ்டன் ஹோப் பக்கம் பஸ் கிடையாது, விசாரித்துவிட்டேன். தண்ணீரை மட்டும் இனி நீ பார்த்துக்கொள்.

டெரெக்


ஷ்ரூஸ்பரி
24 செப்டம்பர், வியாழன்

அன்புள்ள டெரெக்குக்கு,

காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். நல்லபடியாக விற்றுவிட்டாய்.

முப்பத்தோரு வருஷம் ஒரே சாடியில் நான் பூ வைத்திருக்கிறேன், நீ தண்ணீர் ஊற்றியிருக்கிறாய், நடுவில் பியூ ஷெர்ரி குடித்திருக்கிறார். நேற்று எனிட்டிடம் சொல்லிச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. இப்போது எனக்கும் அழுகை வரவில்லை. நீ சொன்ன அந்த மரக்கட்டை எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

திரும்பி வந்துவிடுவேன் என்று எடுத்துக்கொள்ளாதே. மாடியறைக்குத் திரைச்சீலை வாங்கிவிட்டேன். கோபம் குறைந்துவிட்டது என்று வேண்டுமானால் எடுத்துக்கொள், அதுவும் முழுசாக இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ. நானும் கேட்டிருக்கலாம்.

நாளை மறுநாள் காலை பத்தரைக்கு வாசலில் ஹாரன் அடிப்பேன். கோட் போட்டுக்கொண்டு தயாராக இரு, என்னைக் காக்க வைக்காதே. வழியில் பேச வேண்டாம். அங்கே நீ அழ வேண்டிய அவசியமும் இல்லை, எப்போதும் நிற்பதுபோல நில். தண்ணீரை நீ மாற்று.

பூவை மடியில் வைத்துக்கொண்டு நசுக்க வேண்டாம். என் காரில் பின்சீட் காலியாகத்தான் இருக்கிறது, அங்கே வைத்துக்கொள்ளலாம்.

பிரெண்டா