பார்ட்டி பெயர்: அப்பா

சரவணம்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜோஸ்லினுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் இங்கே மூச்சுவிட்டுக்கொண்டு இருக்கிறோம், மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவன், பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் படி, சிரிக்க இன்னொரு காரணமும் தருகிறேன். நேற்று நம் மளிகைக் கடையில் நல்ல கூட்டம், அப்போது பார்த்து என் போனில் ஒரு மெசேஜ், உங்கள் பாக்கி லிமிட்டைத் தாண்டிவிட்டது, உடனே கட்டவும் என்று. பில்லிங் சாப்ட்வேர் பாக்கிக்காரர்களுக்கு அனுப்புவதில் முதலாளிக்கும் ஒரு நகல் வருகிறதாக்கும் என்று நினைத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சத்தமாக வாசித்து, எவனுங்க இவன், சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கறானா என்றும் கேட்டுப்போட்டேன். பில் போடுகிற வர்ஷினி தலையைக் குனிந்துகொண்டு, ஏனுங்க ஐயா, அந்தப் பார்ட்டி நீங்கதானுங்க என்றாள். கடையே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்ய.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கடைக்குப் பணம் போட்டு, இந்தச் சாப்ட்வேரை வைத்து, பில் இல்லாமல் ஒரு தீப்பெட்டிகூட வெளியே போகக்கூடாது என்றாய். சரியான பேச்சுதான், என் காலத்தில் பாதிக் கடை கடனாகவே நடந்து போய்விட்டது. நான் வீட்டுக்கு எடுத்துப்போகும் அரிசி பருப்புக்கு யார் பேரில் பில் போடுவது என்று வர்ஷினி கேட்டதற்கு, பாக்கிக்காரர் பட்டியலில் 'அப்பா' என்று ஒரு பார்ட்டி போட்டு, எல்லாரையும் போல லிமிட்டும் வைக்கச் சொன்னாயாம். அது நிறைந்துவிட்டதால் நேற்று நான் கையில் வைத்திருந்த பாக்கெட்டுக்குப் பில் வரவில்லை. அந்தப் பிள்ளை உனக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். அப்பாக்கு ஒருதடவை உட்டா தெனமும் உடோணும், ரூல் எல்லாத்துக்கும் ஒண்ணுதான், பாக்கியக் கட்டிட்டு வாங்கச் சொல்லு என்றாய். அத்தனை பேரும் கேட்டார்கள். சட்டைப்பையில் டீக்காசுதான் இருந்தது, கல்லாச் சாவியும் இப்போது என்னிடம் இல்லையே.

எனக்குப் பின்னால் நின்றவர் யார் தெரியுமா, வருஷக்கணக்காக நான் பாக்கிக்கு விரட்டிய தோப்புக்காரர் காளிச்சாமி. அவர் முன்னால் வந்து, உடுங்க ஞானமுத்தண்ணா, எம் பேருல போட்டுக்கச் சொல்லுங்க, எனக்கு இன்னும் லிமிட் இருக்குதுங்க என்றார். மெஷின் உடனே பில் கொடுத்தது. ரோஷக்காரனாக இருந்தால் பாக்கெட்டை வைத்துவிட்டு வந்திருப்பேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலைக் கோபத்தை மாப்பிள்ளையிடம் காட்டாதே. கர்த்தர் உன் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, காளிச்சாமியின் அந்தப் பில்லுக்கு மெசேஜ் எதுவும் போகாமல் பார்த்துக்கொள், அவர் பேரில் பெரியவர்கள் போடும் டயப்பர் இருப்பதைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம். போன மாதம் விழுந்ததிலிருந்து அம்மாவால் எழுந்து போக முடியவில்லை, உனக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், வீடியோவில் நீ பார்ப்பது அவள் முகத்தை மட்டும்தான். நேற்று ஸ்பீக்கரில் நீ பேசி முடித்தபோது தொண்டை வரைக்கும் வந்ததை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை: கண்ணு, இது எனக்கில்லை, உன்னைப் பெற்றவளுக்கு.

உன் அப்பா,
ஞானமுத்து