தம்பிக்காக நீ எழுதிய நூற்றிரண்டு பதில்கள்

அன்பு மகளுக்கு,

உன் தம்பிக்கு நீ அநியாயம் செய்துவிட்டாய். அவனிடம் கேட்கப்பட்ட நூற்றிரண்டு கேள்விகளுக்கு, அவனைக் கேட்காமல் உன் மனசைக் கேட்டு நீ பதில் போட்டாய், அதில் அவன் வாழ்க்கை சிக்கிக்கொண்டிருக்கிறது. இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன். நலம் விசாரித்து ஆரம்பித்த மூன்று தாள்களிலும் பாதிக்கு மேல் கோபம் இறங்கிப்போய், மழை, விலைவாசி என்று எதையெதையோ எழுதியிருந்தேன், கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போது விசாரிக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா, குழந்தைக்குக் காது வலி என்று உன் அம்மா சொன்னாளே, விட்டதா? தொப்பி போடாமல் வெளியே கூட்டிப்போகாதே. இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நாலு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. ஐந்தாம் தடவை எடுத்து, "மீட்டிங்ல இருக்கேன்பா, அந்த ரெண்டு சுபாவ டைப்பையும் நிபுணர்களே குழப்பிக்குவாங்க, நான் எம்மாத்திரம், விடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். நிபுணர்கள் குழப்பிக்கொள்ளட்டும். அவர்கள் உன் தம்பியோடு இருபது வருஷம் ஒரே குளியலறைக்கு வரிசையில் நின்றவர்கள் இல்லை. நீ நின்றவள். பேச்சில் உன்னை ஜெயிக்க என்னால் ஆகாது. தாளை நீ பாதியில் மறிக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்ததை மறந்தவள் போல் பேசினாய், அதனால் சொல்கிறேன். ஏழு மாதத்துக்கு முன்பு அவன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் நிர்வாகம் மாறி, யார் எந்த சுபாவம் என்று பார்த்து அதற்கேற்ற இடத்தில் வைக்கப்போகிறோம் என்று எல்லோருக்கும் ஒரு கேள்வித்தாளை அனுப்பினார்கள். நீண்ட கேள்வியைப் படித்தாலே அவனுக்குக் கொட்டாவி வரும். ஆள் எடுக்கிற வேலையில் இருக்கிற அக்கா இருக்கிறாளே என்று உனக்கு அனுப்பினான். நீ, "டேய், நீயும் நானும் ஒண்ணுதானேடா, எங்கிட்ட கொடு, பத்து நிமிஷத்துல முடிச்சுர்றேன்" என்றாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தேன், ஸ்பீக்கரில் உன் குரல் கேட்டது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஊரோடு ஒட்டிப் பழகுகிற, புதிது புதிதாக யோசனை சொல்கிற ரகம் என்று முடிவு வந்தது. வாசல் கூடத்தில் வருகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தவனைத் தூக்கி ஆறாவது மாடியில் திட்ட அறையில் போட்டார்கள். சம்பளம் கூடிற்று. நாம் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நானும் பட்டேன், இல்லை என்று சொல்லவில்லை.

உங்கள் இருவரையும் ஒரே அச்சு என்று சொன்னவன் நான்தான் என்பாய். சொன்னேன். பெரிய ரேடியோ, சின்ன ரேடியோ என்று பக்கத்து வீட்டுத் தையல்காரர் பெயர் வைத்தபோது சிரித்ததும் நான்தான். அது சத்தத்தைப் பற்றிச் சொன்னது. இரண்டு பேரும் வாயை மூட மாட்டீர்கள், இரண்டு பேருக்கும் ஆள் இல்லாத வீடு ஆகாது, வாங்கி வைத்த சாமானைவிட வந்துபோகிற ஆட்கள்தான் நம் வீட்டில் அதிகம். ஆனால் உள்ளே ஓடுகிற மோட்டார் வேறு வேறு. அது எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் எட்டோடு நின்றவன், லிஃப்ட் வேலையைப் படம் போட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகக் கற்றவன், ஆனாலும் இதை உன்னைவிட முன்னால் கண்டுபிடித்தவன்.

ஒன்பது மாடிக் கட்டடத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்து இரண்டு அறையில் நாம் இருந்தபோது, மாதம் ஒரு தடவையாவது லிஃப்ட் நடுவில் நின்றுபோகும். நான் உச்சிக்கு ஓடி பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்க வேண்டும், அதற்கு இருபது நிமிஷமாவது ஆகும். அதுவரை உள்ளே இருப்பவர் பதறாமல் இருக்க வெளியே கதவோரம் ஒரு ஆள் நின்று பேச வேண்டும். உங்கள் வாயை நான் அதற்குத்தான் உபயோகப்படுத்தினேன். ஒரு தடவை வங்கி குமாஸ்தா மாட்டினார், நீ நின்றாய். "அங்கிள், இந்தக் கதவு தொறக்கும்போது வெளியில வேற ஊரு இருந்தா எந்த ஊரு இருக்கணும்?" என்று கேட்டாய். அந்த மனிதர் பயத்தை மறந்து கடல், கப்பல், சின்ன வயசில் படிக்க ஆசைப்பட்ட இசை என்று பேசிக்கொண்டே போனார். கதவு திறந்த பிறகும் அரை மணி நேரம் படியில் உட்கார்ந்து உன்னோடு பேசினார். அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டு எங்கேயோ போனார் என்று கேள்வி, அதற்கு நான் பொறுப்பில்லை. இன்னொரு தடவை நிறைமாதப் பெண் ஒருத்தி மாட்டினாள், தம்பி நின்றான். அவன் கதவைத் தட்டி, "அக்கா, நான் தட்டுற மாதிரியே தட்டுங்க. செருப்பக் கழட்டுங்க, தரை ஜில்லுனு இருக்கா? சுவத்துல சாஞ்சு உட்காருங்க. மேல ஓட்டை வழியா காத்து வருது பாருங்க, மூஞ்சியில படுதா?" என்று விடாமல் கேட்டிருக்கிறான். அவள் அவன் சொன்னதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தே இருபது நிமிஷத்தைத் தள்ளிவிட்டாள். வெளியே வந்ததும் யாரு அந்தப் பிள்ளை என்று தேடிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீ இங்கே இல்லாததைக் காட்டி ஆளை இழுப்பாய். அவன் இங்கே இருப்பதைக் காட்டி ஆளை நிறுத்துவான். ஒருநாள் அவன் கடைக்குப் போயிருந்தான் என்று மூச்சுத்திணறல்காரரிடம் உன்னை நிறுத்தினேன். "எனக்கு மூச்சு முட்டுது, நீ ஊரு கேக்கறியா, போடி" என்று உள்ளேயிருந்து அவர் கத்தியது ஒன்பதாம் மாடிக்குக் கேட்டது. அன்றிலிருந்து உள்ளே யார் என்று கேட்டுக்கொண்டுதான் உங்களில் ஒருவரை அனுப்புவேன். நம் வீட்டில் எத்தனை உதாரணம் வேண்டும்? ரயிலில் போய் இறங்கினால் எதிர் இருக்கைக்காரர் என்னவாக ஆசைப்பட்டார் என்று நீ சொல்வாய். அவருக்கு எந்தக் கால் வீங்கியிருந்தது என்று அவன் சொல்வான். சண்டை போட்டால் நீ ஏன் சண்டை வந்தது என்று மூன்று நாள் பேசுவாய், அவன் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு மறந்துவிடுவான். இந்த வித்தியாசத்தைப் பார்க்க நிபுணர் எதற்கு?

இப்போது அவன் எப்படி இருக்கிறான் என்று சொல்கிறேன், கண்ணை மூடாமல் படி. ஆறாவது மாடி அறையில் நாலு திரை, ஒரு வெள்ளைப் பலகை, ஜன்னல் திறக்காது. ஐந்து வருஷம் கழித்து நோயாளிகளுக்கு என்ன தேவைப்படும் என்று யோசித்து எழுத வேண்டுமாம். முதல் மாதம் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான், "அஞ்சு வருஷம் கழிச்சு வர்ற நோயாளி இன்னும் வரலையேப்பா. வந்தாத்தானே மூஞ்சியப் பார்க்க முடியும்?" கூடத்தில் நின்ற நாளில், கேன்டீன் எங்கே என்று கேட்டு வந்த ஆளின் நெற்றி வேர்வையைப் பார்த்துவிட்டுக் கேன்டீனுக்கு அனுப்பாமல் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து இதயப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனவன் இவன், அந்த ஆள் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் கீழே வந்து கூடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போவான். மேற்பார்வை நர்ஸ், "உங்க இடம் மேலதானே தம்பி" என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். அதோடு இறங்குவதையும் விட்டுவிட்டான். வீட்டில் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறான். தையல்காரர், "என்ன, சின்ன ரேடியோ ரிப்பேரா?" என்று கேட்டார், இவன் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போய்விட்டான். நான் இருக்கும் வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்கிறது, மகளே. நாற்பது வருஷத்தில் கேட்டதில்லை.

போன ஞாயிறு காலை சமையலறையில் அவன் குரல் கேட்டது. பேச ஆரம்பித்துவிட்டான் என்று நானும் அம்மாவும் எழுந்து ஓடினோம். அடுப்புக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து கையில் தாளை வைத்துக்கொண்டு, "நடப்பதைவிட நடக்கக்கூடியதே என்னை அதிகம் ஈர்க்கிறது. புதிய சாத்தியங்களைப் பற்றி எப்போதும் யோசிக்கிறேன்" என்று திரும்பத் திரும்ப ஒப்பித்துக்கொண்டிருந்தான். நீ போட்ட பதில்கள். அச்செடுத்து வைத்திருக்கிறான். இருபத்தேழாம் தேதி பரிசீலனையாம், எதிரே உட்காரவைத்து மறுபடியும் கேட்பார்களாம். பதில் ஒத்துப்போனால் நாலு வருஷத்துக்குத் தலைமை அலுவலகத் திட்டப் பிரிவு, ஒத்துப்போகாவிட்டால் வேலை இல்லை. அவன் உன்னை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான். நான் தாளைப் பிடுங்கப் போனேன். "அக்காவால முடியுது, ஒரே அச்சுதானே, எனக்கு மட்டும் ஏன்பா வரமாட்டேங்குது? எங்கிட்டதான் ஏதோ கோளாறு" என்றான். உன் அம்மா குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்றாள். கழுவப் பாத்திரமே இல்லை.

மறுநாள் நான் நூலகத்தில் எடுத்த சுபாவப் புத்தகத்தையும் என் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி மேலாளரைப் பார்க்கப் போனேன். நல்ல மாதிரி அம்மாள்தான், உட்காரச் சொன்னார். முடிவில் வந்த ரகம் ஒன்று, அவன் ரகம் வேறு என்று புத்தகத்தைக் காட்டிச் சொன்னேன். "ஐயா, நீங்க சொல்ற ரெண்டு டைப்பும் அண்ணன் தம்பி மாதிரி, ஒவ்வொரு டைப்புக்கும் நாலு எழுத்துல பேரு, அதுல ஒரு எழுத்துதான் மாறும்" என்றார். நான் சொன்னேன், "அம்மா, மோட்டாருக்கு மூணு வயர் போகுது, அதுல ரெண்டு இடம் மாறினாப் போதும், மேல போக வேண்டியது கீழ போகும். வயர் எல்லாம் அதே வயர்தான்" என்று. என் நோட்டை வாங்கிப் புரட்டினார். பிறகு, பதில் தப்பு என்றால் பதில் போட்டவர் எழுத்தில் தர வேண்டும், தகப்பனார் வந்து சொல்வதை வைத்து எதுவும் செய்ய முடியாது என்றார். யார் போட்டது என்று கேட்டார். உன் பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஏன் என்றால் காலையில் வீட்டிலிருந்து புறப்படும்போது உன் தம்பி வாசலை மறித்து நின்றான். "அக்கா வேற ஆளுக்காகப் பதில் போட்டாள்னு தெரிஞ்சா அவ கம்பெனியில வேலை போயிடும்பா. அவ தொழிலே இதுதான். நீங்க வாயத் தொறந்தீங்க, நான் உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்றான். ஏழு மாதத்தில் அவன் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அதனால் உன் வேலைக்கு ஆபத்து வராது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வரலாம். ஆனால் நீ நாளை வேறொன்றை நினைத்துப் பார்க்கிறவள், ஒரு கதவு மூடினால் நாலு கதவை மனசில் வரைந்துவிடுவாய். அவனுக்கு அந்தக் கூடம்தான் உண்டு. நான் இதில் இறங்கி வர மாட்டேன், கெஞ்சவும் தெரியாது, தெரிந்திருந்தால் இந்தத் தாளில் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆகவே இனி நடக்க வேண்டியது. நீ செய்ய வேண்டியது: அந்த நூற்றிரண்டு பதிலும் என்னுடையவை, என் தம்பியுடையவை இல்லை, அவனை உட்காரவைத்து முதலிலிருந்து கேளுங்கள் என்று மேலாளருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு இருபத்தேழுக்குள் சேர்ப்பது. முகவரியைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அதன் பிறகு அவனைக் கூப்பிட வேண்டியதும் நீ. கூப்பிட்டால் ஏன், எதனால் என்று ஆரம்பிக்காதே, என்ன சட்டை போட்டிருக்கிறாய், எதிரே என்ன இருக்கிறது என்று கேள். மேலாளர் செய்ய வேண்டியது: ஒரு காலை நேரம் அவனைக் கூடத்தில் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பது, அதைக் கேட்டு நான் தனியாக எழுதியிருக்கிறேன். உன் அம்மா செய்ய வேண்டியது: அக்காவைப் பார் அக்காவைப் பார் என்பதை நிறுத்துவது, நிறுத்திவிட்டாள். நான் செய்ய வேண்டியது: ஒரே அச்சு என்று சொன்னது தப்பு, வித்தியாசம் தெரிந்தே சொன்னேன் என்று அவன் முகத்துக்கு நேரே ஒத்துக்கொள்வது. இந்த வயசில் அது எனக்குச் சுலபம் இல்லை, இன்று மாலை அவன் வந்ததும் செய்கிறேன்.

கோபம் அப்படியே இருக்கிறது, ஆசீர்வாதமும் அப்படியே இருக்கிறது. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், வீடு நிறைய ஆட்களோடு இருங்கள். குழந்தையின் காதை மறுபடியும் டாக்டரிடம் காட்டு.

ஒன்று விட்டுப்போயிற்று. உன் தம்பி செய்ய வேண்டியது எதுவும் இல்லை. தன் பங்கை அவன் செய்துவிட்டான். உனக்காக ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா